வெறும் சுவரில் விழுந்த பட்டை

முதலில் அவள் மானிட்டரைத்தான் சந்தேகப்பட்டாள். மனுஷர்களைச் சந்தேகப்படுவதைவிட அது சுலபம்.

படத்தில் மாமனாரும் மாமியாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அவள் கணவன் நின்றிருந்தான். அவனுக்குப் பக்கத்தில், இன்னொரு ஆள் தாராளமாக நிற்கிற அளவுக்கு, வெறும் சுவர். அந்தச் சுவரில்தான் பட்டை விழுந்திருந்தது. மேலே வெளிர் பழுப்பில் தொடங்கிக் கீழே நிழலுக்குள் வழுக்கிக்கொண்டு போயிருக்க வேண்டிய நிறம், வழுக்காமல், மாடிப்படி மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கியது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே மெல்லிசாக ஒரு விளிம்பு. வேறு யார் பார்த்தாலும் சுவர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவளால் அப்படிப் போக முடியவில்லை. அதைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மத்தியானம். அந்த அறைக்குள் மட்டும் எந்த நேரமும் அந்திதான். நிற வேலைக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் ஜன்னலுக்கு இரட்டைத் திரைச்சீலை, உள்பக்கத்துச் சீலை கறுப்பு, நான்கு சுவரும் சாம்பல் நிறம். சுவர் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் அதன் சாயல் கண்ணை ஏமாற்றிவிடும். அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சாம்பல்தான் அடிப்பார்கள். கம்ப்யூட்டர் விசிறியின் ஓயாத முனகல், சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை, சாய்ந்தால் கிறீச்சிடுகிற நாற்காலி, மூடிய கதவுக்கு அப்பால் சமையலறைக்கும் கூடத்துக்குமாகச் சரக் சரக்கென்று போய்வரும் மாமியாரின் செருப்பு. இவற்றோடுதான் அவள் இரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த ஸ்டுடியோவில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். படத்திலிருந்து ஆளை எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாலையும் கழுத்துமாக நிற்கிற ஜோடிக்குப் பின்னால் வாய் நிறையச் சோற்றோடு மாட்டிக்கொண்ட சித்தப்பா, சண்டை போட்டுப் பிரிந்துபோன பங்காளி, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன தங்கை, யாராக இருந்தாலும் சரி. ஆளை வெட்டிவிட்டு, அந்த ஓட்டையில் சுவரையோ வானத்தையோ புதிதாகப் பூசி வைத்துவிடுவாள். "ரப்பர் கை வெச்சா பெத்தவளுக்கே புள்ளை நின்ன இடம் தெரியாது" என்று ஸ்டுடியோக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு இந்த மாமியார் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்து, விரல்களைத் தடவிக்கொண்டே, "போட்டோ வேலை நல்லா பண்ணுவியாமே, அப்படியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அவள் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் உலகத்தில் எந்தச் சம்பந்தி மருமகளின் தொழிலை இப்படி விசாரிக்கிறாள்? கல்யாணமாகி வந்தபோது சாம்பல் நிற அறையும், கறுப்புச் சீலையும், நல்ல மானிட்டரோடு ஒரு கம்ப்யூட்டரும் அவளுக்காகக் காத்திருந்தன. "உனக்காகத்தான்" என்றான் கணவன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வீட்டில் அவளுக்கு நடந்த கடைசி உபசாரம் அதுதான். அதற்குப் பிறகு, கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள், இவள் ஒருத்தி மட்டும் கிளம்பாமல் தங்கிவிட்டாள் என்கிற மாதிரி அவளை நடத்தினார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் ஒன்று கேட்டால் பதில் வராது. வந்தால் அரை மணி நேரம் கழித்து, வேறு யாரிடமோ சொல்வதுபோல வரும். கல்யாணப் படத்தைக் கூடத்தில் மாட்டலாமா என்று கேட்டதற்கு, ஆணி அடித்தால் சுவர் வீணாகும் என்று மாமியார் விசிறியைப் பார்த்துச் சொன்னாள். கூடத்தில் அதற்கு முன்பே அடித்த ஆணிகள் நிறைய இருந்தன.

அதனால்தான் போன வாரம் மாமியார் அறைக் கதவைத் தானாகத் திறந்துகொண்டு வந்து பேசியபோது அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"கூடத்துல மாட்டியிருக்கிற படத்துல பூஞ்சை பிடிச்சுடுச்சு. புதுசா, இன்னும் பெருசா ஒண்ணு போடணும். ஃபைலு இந்தக் கம்ப்யூட்டர்லயே எங்கயாவது கிடக்கும், தேடிப் பாரு." வாசல்வரை போனவள் திரும்பினாள். "அப்படியே இவன் பக்கத்துல உன்னையும் வெச்சுடு. இடம் காலியாத்தானே இருக்கு."

அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை. மாமனார் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அவரோடு சேர்ந்து நின்று யாரும் படம் எடுத்துக்கொள்ள முடியாது. கூடத்தில் குடும்பம் முழுசாக இருக்கிற படம் அது ஒன்றுதான். அதில் அவளுக்கு ஓர் இடம். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கிற கூடத்துச் சுவரில், கணவன் பக்கத்தில், அவள். இரண்டு வருடமாக அவள் கேட்கத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

இப்போது அந்த இடத்தில் பட்டை.

கேபிளைக் கழற்றி வேறு கேபிள் போட்டாள். மானிட்டரில் நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற பகட்டு வேலைகளையெல்லாம் நிறுத்தினாள். படத்தை எட்டு பிட்டிலிருந்து பதினாறு பிட்டுக்கு மாற்றினாள். ஒரு நிறத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கூடுதல் படிகள் கிடைத்தால் இறக்கம் மென்மையாகும் என்பது கணக்கு. ஆகவில்லை. கடைசியில், கறுப்பிலிருந்து வெள்ளைவரை ஒரே சீராகப் போகிற சோதனைப் படத்தைத் திறந்து வைத்துப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வழவழவென்று போனது. ஒரு கோடு இல்லை, ஒரு படி இல்லை. மானிட்டரில் எந்தக் குறையும் கிடையாது.

ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டாள்.

"சார், ஒரு படத்துல பட்டை விழுது."

"கேபிளை மாத்திப் பாத்தியா ரப்பரு?"

"எல்லாம் பாத்தாச்சு சார். மானிட்டர் நல்லா இருக்கு. படத்துல ஒரு இடத்துல மட்டும்தான் விழுது. மிச்ச சுவரெல்லாம் சுத்தமா இருக்கு."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். "ஏம்மா, கல்யாணமாகித் தொழிலே மறந்துபோச்சா? கேமரா பிடிச்ச சுவர்ல பொடி இருக்கும், பட்டை விழாது. கையால பூசின சுவர்லதான் விழும். உனக்கு முன்னாடியே யாரோ அங்க ரப்பர் போட்டிருக்காங்க."

அவளுக்கும் அது தெரியும். கேபிளைக் கழற்றும்போதே தெரியும்.

"என்ன எடுத்திருப்பாங்க சார்?"

"பீரோ கீரோ நின்னிருக்கும். பொடி தூவிட்டு வேலையைப் பாரு."

பொடி தூவுவது என்பது ஸ்டுடியோ பாஷை. பட்டை விழுந்த இடத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளைத் தாறுமாறாக இறைத்துவிட்டால் விளிம்புகள் உடைந்து, படிகள் ஒன்றோடொன்று கலந்து, பார்ப்பவனுக்கு வழவழப்பாகத் தெரியும். வேலை என்னவோ அழுக்குப் போடுவதுதான். அழுக்குப் போட்டால்தான் அசல் மாதிரி இருக்கும். தூவினாள். பட்டை போனது. சேமித்தாள், எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பட்டை திரும்ப வந்திருந்தது.

அதே பட்டை இல்லை. முன்னே குறுக்காகத் தட்டையாகக் கிடந்த விளிம்புகள் இப்போது வளைந்திருந்தன. மேலே இரண்டு பக்கமும் சரிந்து, நடுவில் குறுகி. அவள் கோப்பையைக் கீழே வைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சேமிக்கத் தவறியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். மறுபடி தூவினாள், மறுபடி சேமித்தாள், இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. அவள் கண்ணெதிரே எதுவும் நடக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது நடந்து முடிந்திருந்தது.

சமையலறைக்குப் போனாள். மாமியார் ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அந்தப் படத்துல இவருக்குப் பக்கத்துல ஏதாவது இருந்துச்சா?"

கத்தி பலகையில் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் காத்துக்கொண்டு நின்றாள். திரும்பிவிடலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்த பிறகு மாமியார் கத்தியிடம் சொன்னாள்: "பீரோ."

சாயங்காலம் கணவன் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவனிடமும் கேட்டாள்.

"ஜன்னலு" என்றான் அவன், போனிலிருந்து தலையை எடுக்காமல். "ஏன்?"

"அத்தை பீரோன்னு சொன்னாங்க."

அவன் கட்டைவிரல் போனின்மேல் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு ஓட ஆரம்பித்தது.

மறுநாள் மத்தியானம், தன்னை வைத்துவிட்டால் சுவர் தானாக மறைந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. பட்டையாவது ஒன்றாவது, நான் நிற்கப்போகிற இடம்தானே? தன் கல்யாணப் படத்தைத் திறந்தாள். அதில் போட்டோக்காரர் சொன்னபடி கணவனின் தோளில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி முடியாக, விரல் விரலாகத் தன்னை வெட்டி எடுத்தாள். எத்தனையோ பேரை வெட்டி எறிந்த கை, ஓர் ஆளை உள்ளே கொண்டுவருவதற்காக வெட்டுவது அதுதான் முதல் தடவை. குடும்பப் படத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அளவைக் குறைத்து, கை கணவனின் தோள்மேல் வருகிற மாதிரி நகர்த்தினாள்.

கச்சிதமாக உட்கார்ந்தது. இப்படிச் சேர்க்கும்போது சட்டையில் மடிப்பு வரைய வேண்டும். வெறுமனே ஒட்டிய கை மிதக்கும். துணி அழுந்தினால்தான் கை இருப்பதாகக் கண் நம்பும். அதற்கு அரை நாள் பிடிக்கும். இங்கே அவள் எதையுமே வரைய வேண்டியிருக்கவில்லை. விரல்களுக்குக் கீழே மடிப்பு ஏற்கெனவே இருந்தது. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள்.

அப்புறம்தான் கை மவுஸின்மேல் உறைந்தது.

தன் உருவம் மட்டும் தனி அடுக்காக இருந்த லேயரை மறைத்தாள். அவள் மறைந்தாள். கணவன் நின்றான். அவன் தோளில், சட்டைத் துணியில், நான்கு பள்ளம். பக்கத்தில் பக்கத்தில். ஆள் இல்லை, கை இல்லை, அழுத்தம் மட்டும் இருந்தது.

பீரோவுக்கு விரல் கிடையாது. ஜன்னலுக்கும் கிடையாது.

விசிறி முனகிக்கொண்டே இருந்தது. ஸ்டுடியோவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் இதைச் சொல்லிக்கொடுப்பாள்: ஆளை எடுக்கிறது பெரிசில்லை, ஆள் தொட்ட இடத்தைச் சரி பண்ணுங்க, அங்கதான் மாட்டுவீங்க. இந்த வேலையைச் செய்த கை தேர்ந்த கை. தலைமுடி போன இடம் தெரியவில்லை, தரையில் விழுந்த நிழல்கூடப் பக்குவமாகத் துடைக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட கை தோளை மட்டும் எப்படி மறந்தது? மறக்கவில்லை என்று அவளுக்குப் பட்டது. அந்தக் கைக்காரி வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பின்னால் வந்து உட்காருகிற ஒருத்திக்காக.

யார் வந்து உட்காருவாள் இங்கே? படம் இந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் இந்த அறையில் இருந்தது. அறை சாம்பலாக இருந்தது, அவள் இந்த வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே.

நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அது சுவரில் முட்டி நின்றது. திரும்பிப் பார்த்தாள். நாற்காலி முதுகு உரசி உரசிச் சாம்பல் பெயின்ட் தேய்ந்த தடம் சுவரில் இருந்தது. தினமும் பார்க்கிற தடம்தான். தன் நாற்காலியின் தடம் என்றே நினைத்திருந்தாள். இப்போது நாற்காலி சுவரை ஒட்டி நின்றது. தடம் அதன் முதுகைவிட ஒரு சாண் மேலே இருந்தது. கைபேசி வெளிச்சத்தைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தாள். அதற்கும் மேலே இன்னொரு தடம், மங்கலாக. கீழே ஒன்று. அதை ஒட்டி இன்னொன்று. ஒவ்வொருத்தியும் தன் உயரத்துக்கு நாற்காலியை ஏற்றி இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மானிட்டர் பக்கம் திரும்பி, சுவரின் நிறத்தைப் பிடித்து மேலே இழுத்தாள். நிழலில் கிடப்பதையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிற இழுப்பு அது. வழக்கமாக அழுக்குதான் வரும்.

விளிம்புகள் எழுந்தன.

ஒரு தோள். அதைச் சுற்றி இன்னொரு தோள், கொஞ்சம் உயரமாக. அதைச் சுற்றி இன்னொன்று. ஒரு படி ஒரு பெண். பூசின சுவர்மேல் நின்றவள், அவள்மேல் பூசின சுவர், அந்தச் சுவர்மேல் அடுத்தவள். ஒருத்திக்கு ஒடுக்கமான இடுப்பு. ஒருத்தி தலையைச் சாய்த்திருந்தாள். ஒருத்தியின் வயிறு முன்னால் தள்ளியிருந்தது. முகம் யாருக்கும் இல்லை. ஓரம் மட்டும். எல்லாருடைய கையும் ஒரே இடத்துக்குப் போனது. அந்தத் தோளுக்கு. அந்த நான்கு பள்ளத்துக்கு.

நடுவில், எல்லாருக்கும் உள்ளே, வெறுமையாக ஓர் உருவம். அவள் தன் லேயரைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

பொருந்தியது. துளி இடைவெளி இல்லை.

தலைவலித் தைலத்தின் வாடை வந்தது. அவள் கதவு திறந்த சத்தத்தைக் கேட்கவில்லை, செருப்புச் சத்தத்தைக் கேட்கவில்லை. மாமியாரின் கை நாற்காலி முதுகின்மேல் இருந்தது.

"நல்லா வந்திருக்கு" என்றாள் மாமியார். உடனே சொன்னாள், நேராக அவளிடமே சொன்னாள். "பிரிண்டுக்குக் குடுத்துடும்மா."

"அத்தை." அவள் திரும்பிப் பார்த்தாள். "இங்க யாரெல்லாம் இருந்தாங்க?"

மாமியார் ஜன்னல் பக்கம் போய், விலகியிருந்த கறுப்புச் சீலையை இழுத்துச் சரி செய்தாள். கோடாக விழுந்திருந்த வெயிலும் போனது. "நீதான் இருக்கியே" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவள் படத்தைப் போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் அம்மா கேட்பாள், என்னடி பண்ணாங்க உன்னை, அடிச்சாங்களா, சோறு போடலையா என்று. சுவரில் பட்டை விழுகிறது என்றா சொல்வது? இதையெல்லாம் யோசித்தாள். ஆனால் உண்மை வேறு, அது அவளுக்கே கசந்தது. இத்தனை பேர் நின்று போன இடம் என்று தெரிந்த பிறகும் அந்த இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை, எனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றுகூட ஓர் ஓரத்தில் தோன்றியது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக மாமியார் அவளைப் பாராட்டியிருந்தாள்.

அவள் பொடி தூவினாள். வழக்கமாகத் தூவுவதைப்போல மூன்று மடங்கு. விளிம்பு விளிம்பாகத் தேடிப் போய், ஒடுக்கமான இடுப்பை, சாய்ந்த தலையை, தள்ளியிருந்த வயிற்றை, யார் பெற்ற பெண்களோ, அவர்களையெல்லாம் அவள் பங்குக்கு இன்னொரு முறை அழித்தாள். ரப்பர் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். இந்தத் தடவை பட்டை திரும்ப வரவில்லை.

படம் பெரிய சட்டத்தில் வந்து கூடத்தில் ஏறியது. அதற்கு ஆணி அடித்ததில் சுவர் வீணாகவில்லை. அவள் ஒரு காரணமும் இல்லாமல் கூடத்தைக் கடந்து கடந்து போனாள். கணவன் பக்கத்தில், தோளில் கை போட்டு, சிரித்துக்கொண்டு, அவள். "எப்படிங்க இருக்கு?" என்று கணவனிடம் கேட்டாள். "ம்" என்றான் அவன்.

அந்த "ம்"தான் கடைசி என்று அவளுக்கு அப்போது தெரியாது.

குளியலறையிலிருந்து துண்டு கேட்டாள், யாரும் தரவில்லை. புதிதில்லை. ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டாள், "ஹலோ, ஹலோ, யாருங்க?" என்று கத்திவிட்டு அவர் வைத்துவிட்டார். லைன் சரியில்லை. அம்மாவும் அப்படியே வைத்தாள். சமையலறையில் மாமியார் நேராக வந்ததில் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டியிருந்தது. அதுவும் புதிதில்லை. இரண்டு வருடம் பதில் இல்லாமலே வாழ்ந்து பழகிய ஒருத்திக்கு, பதில் நின்றுபோனதைக் கண்டுபிடிக்க நேரம் ஆகும். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டும், பெருக்கிக்கொண்டும், துணி மடித்துக்கொண்டும் இருந்தாள். மடித்த துணிகளை மாமியார் உதறி மறுபடி மடித்தாள். நம் மடிப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் இருட்டத் தொடங்கிய நேரத்தில் கூடத்துக்கு வந்தாள். மேஜையில் இரண்டு தட்டு இருந்தது.

கணவன் ஒரு தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு தட்டு மாமியாருடையது, மூடி வைத்திருந்தது. மூன்றாவது இல்லை. மூன்றாவது நாற்காலியும் மேஜையடியில் இல்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்பதுதான் அவளுக்கு முதலில் வந்த யோசனை. காலையிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பாலை மூடாமல் விட்டேனா? சத்தமாகக் கதவைச் சாத்தினேனா?

"என்னங்க, எனக்குத் தட்டு?"

அவன் மென்றான். தண்ணீர் குடித்தான். டம்ளரை வைத்தான்.

அவள் கண் தானாகச் சுவருக்குப் போனது.

படத்தில் பட்டை விழுந்திருந்தது.

காகிதத்தில். அச்சாகி, கண்ணாடி போட்டு, ஆணியில் தொங்குகிற காகிதத்தில். அச்சான பிறகு எந்தக் காகிதமும் மாறாது. ஆனால் அவள் கல்யாண உடையின் நீலம் இடுப்புக்குக் கீழே நீலமாக இல்லை. ஒரு படி சாம்பல் கலந்த நீலம். அடுத்த படி சாம்பல். அடுத்தது பழுப்பு. அதற்குக் கீழே சுவர். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. இமைத்தாள். பழுப்பு மார்புவரை வந்திருந்தது.

குனிந்து தன்னைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என்னங்க." அவன் பின்னால் போய் நின்றாள். "என்னங்க, இங்க பாருங்க. ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க." அவன் தோளில் கை வைத்தாள். படத்தில் வைத்த அதே கை, அதே தோள். அழுத்தினாள். அவள் கண்முன்னே துணி அமுங்கியது. நான்கு விரலுக்கு நான்கு பள்ளம். இருக்கிறேன். துணிக்குத் தெரிகிறது, நான் இருக்கிறேன். அவன் ஒரு நொடி மெல்லுவதை நிறுத்தினான். தோளை லேசாகக் குலுக்கினான். திரும்பவில்லை. சட்டை உறுத்துகிறவன் குலுக்குகிற மாதிரி குலுக்கிவிட்டு, அடுத்த கவளத்தை எடுத்தான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த முனகல் கேட்டது.

கம்ப்யூட்டர் விசிறி. சாம்பல் அறையில். அவள் அதை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தாள். கதவின் அடியில் மானிட்டர் வெளிச்சம் கோடாக விழுந்திருந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ ஒருத்தி தன் உயரத்துக்கு அதை ஏற்றிக்கொள்கிற சத்தம். மவுஸ் சத்தம். நிதானமான, பழகிய கை.

"தோள்ல மடிப்பு தெரியுது பாரு."

உள்ளேயிருந்து மாமியாரின் குரல். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்த அதே கனிவு.

"அதையும் எடுத்துடும்மா."

மவுஸ் ஒரு தடவை சொடுக்கியது.

அவள் விரல்கள் அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் அடியில் சட்டைத் துணி, ஒரு பள்ளம், பிறகு அடுத்த பள்ளம் என்று மெதுவாக மேலெழுந்து, நான்கும் சமமானது.